எதிர்த்தரப்புச் சாட்சி

வக்கீல் ருக்சானா முதன்முதலாக நெல்லிச்சேட்டுக்கு வந்த அன்றே, அவர் வந்த ஜீப்பின் நான்கு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். அவர் ஊராட்சி அலுவலகத்துக்குள் உட்கார்ந்து தலைவர் மலரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது அது. பட்டப்பகல். வாசலில் ஒரு கூட்டமே நின்றிருந்தது. கேட்டபோது யாரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள்.

"சேலத்துல இருந்து வக்கீல் புடிச்சாந்தா காத்து எறங்கத்தான் செய்யும்," என்றாள் குப்பாயி. மேலே எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவள் அவள். வேலைக்குப் போகிற வழியில் கூடையோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மலருக்கு அவமானமாக இருந்தது. ருக்சானா ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"வழக்குப் போடறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு," என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டைத் தாண்டித் தார் ரோடு முடிகிற இடத்தில் இருக்கிறது நெல்லிச்சேடு. ஊருக்கு மேலே சரிவு முழுக்கக் கோவிந்தராஜின் காப்பி எஸ்டேட். போன தை மாதம், அறுவடை மும்முரமாக இருந்த சமயத்தில், எஸ்டேட்டின் கழிவுத் தொட்டி உடைந்துவிட்டது. பழத்தைத் தோலுரித்துக் கழுவிய தண்ணீர், நாள்கணக்கில் தேங்கிப் புளித்துப் போயிருந்த தண்ணீர், மொத்தமும் ஓடையில் இறங்கியது. ஊர்க் கிணறும் அதற்குக் கீழே இருந்த குட்டையும் கறுத்துப் போயின. மீன்கள் செத்து மிதந்தன. அந்தத் தண்ணீரைக் குடித்த குப்பாயியின் சினைப்பசு இரண்டாம் நாள் படுத்தது, எழுந்திருக்கவில்லை. குளித்த பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடித்துச் சிவந்தது.

ஊராட்சி தன்னிடம் இருந்ததையெல்லாம் அதில் போட்டது. கிணற்றை இறைத்தார்கள், குட்டையைத் தூர்வாரினார்கள், கோடை முழுக்க ஏற்காட்டிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடத்து ரோட்டுக்கு வைத்திருந்த தொகையும் அதோடு போயிற்று. செலவைத் திருப்பிக் கேட்க மலர் எஸ்டேட் பங்களாவுக்குப் போனபோது, கோவிந்தராஜ் அவளை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"எந்தத் தொட்டி ஒடைஞ்சுது? எங்க, காட்டு பாக்கலாம்."

காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. பழைய மண்தொட்டி இருந்த இடத்தில் அதற்குள் சிமெண்ட் தொட்டி கட்டிப் பூசியாகிவிட்டது.

"உங்க ஊர்ல ஊட்டுக்கு ஊடு பழத்தோல் உரிக்கப் பல்பர் வெச்சுச் சுத்தறீங்க. அந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது? உங்க அழுக்கை நீங்க கழுவிப்போட்டு எங்கிட்ட வந்து கூலி கேக்கறியா? போம்மா, போ."

மாவட்டத்தில் ஊராட்சிகளுக்காக ஆஜராகும் வக்கீலுக்குத் தலைக்கு மேல் வழக்குகள். அவரை எதிர்பார்த்து ஒரு மழைக்காலம் கழிந்தது. ஏற்காட்டுக்கு வந்துபோகிற வக்கீல்கள் எல்லாரும் ஏதாவது ஒரு எஸ்டேட்டுக்கும் வக்கீலாக இருந்தார்கள். கடைசியில் மலர், வெளியிலிருந்து ஒரு வக்கீலை அமர்த்திச் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவது என்று தீர்மானம் கொண்டுவந்தாள். துணைத்தலைவர் செல்லப்பன் எதிர்த்தார். "மேல இருக்கறவனைப் பகைச்சுக்கிட்டுக் கீழ எப்படிக் குடியிருக்கறது?" என்றார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஓட்டு மலரின் ஓட்டு.

அவளுடைய கணவன் ஜீவானந்தம் அதே எஸ்டேட்டில் ரைட்டர். பறிப்பு ஆட்களுக்குப் பேர் பதிந்து, பழத்தை எடை பார்த்து, கூலி கொடுக்கிறவன். மலைக்காரர்களில் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவன்தான். தீர்மானத்தைப் பற்றி அவன் வீட்டில் வாயே திறக்கவில்லை. சாப்பிட்டான், கை கழுவினான், படுத்துக்கொண்டான்.

காற்றடிக்கும் பம்பு ஏற்காட்டிலிருந்து வருவதற்குள் ஓடையைப் பார்த்துவிடலாம் என்றார் ருக்சானா. இருவரும் கரையோரமாக மேலே நடந்தார்கள். மலரின் வீட்டுப் பின்பக்கம் வந்ததும் அவர் நின்றுவிட்டார். அங்கே பலகை மேல் ஒரு கை பல்பர், பழத்தின் தோலை உரிக்கிற மெஷின், ஈரத்தோடு இருந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் நேராக ஓடைக்குப் போயிற்று.

"இது யாரோடது?"

"எங்களுதுங்க."

"இதை நீங்க எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"எங்களுக்கு இருக்கறது ஒரு ஏக்கராவும் சொச்சமுங்க. இதுல வர்ற தண்ணி எங்க, எஸ்டேட் தொட்டி எங்க? ரெண்டும் ஒண்ணாகுமுங்களா?"

"ஒண்ணாகாது. ஆனா எதிர்த்தரப்பு வக்கீலுக்கு இதுவே போதும். தலைவரே ஓடையிலதான் விடறாங்கன்னு அவர் எழுந்து நின்னு சொல்லும்போதுதான் எனக்கு இது தெரியணுமா?"

மலருக்குச் சுருக்கென்றது. "நீங்க எங்களுக்கு வக்கீலுங்களா, அவிங்களுக்குங்களா?"

"உங்களுக்குத்தான். அதனாலதான் கோபம் வருது." ருக்சானா வாய்க்காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றார். "ஊர்ல எத்தனை பல்பர் இருக்கோ அத்தனையையும் மனுவுல நாமளே எழுதிடணும். அவங்கவங்க பங்கை அவங்கவங்க ஏத்துக்கட்டும். உங்க வீட்டையும் சேர்த்துத்தான்."

"ஊரே என்னைத் தின்னுபோடுமுங்க."

"அது உங்க பாடு. ஒளிச்சு வெச்சு நடத்தற வழக்குக்கு நான் வர்றதில்ல."

இந்தப் பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்று மலர் அன்று முழுக்கப் பொருமினாள். ஆனால் அவர் சொன்னதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடிப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த வாரமே போன் செய்து, எழுதிவிடுங்கள் என்று சொன்னாள்.

சொன்னபடியே ஊர் அவள் மீது பாய்ந்தது. செல்லப்பன் அலுவலகத்துக்கே வந்து மேசையைத் தட்டினார். "கோவிந்தராஜ் மேல வழக்குப் போடறேன்னு சொல்லி எங்க தலையிலயும் கல்லைப் போட்டுட்டியே, இது எந்த நாயம்?" பல்பர் வைத்திருந்த வீடுகளில் அவளோடு பேச்சு நின்றது. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் வாசல் சுவர் முழுக்கக் காப்பித் தோல் சேற்றை வாரி அப்பியிருந்தார்கள். கழுவிவிட்டாள். நாற்றம் போக நெடுநாள் ஆயிற்று.

அந்த வருடப் பறிப்பு சூடுபிடித்தபோது கோவிந்தராஜ் தன் பங்குக்குச் செய்தார். நெல்லிச்சேட்டு ஆட்களுக்கு இனி வேலை இல்லை என்று எஸ்டேட் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டு, கீழே இருந்து வேனில் ஆட்களை வரவழைத்தார். வேன் ஊரின் நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போகும். பெண்கள் வெறும் கூடையோடு ஓரத்தில் நின்று பார்ப்பார்கள்.

குப்பாயி மலரை நடுத்தெருவில் மறித்தாள்.

"மாடும் போச்சு, இப்ப வேலையும் போச்சு. உன்ர வழக்கு என்ர ஊட்டு அடுப்பை எரிக்குமா?"

"உங்க மாட்டையுந்தான் அக்கா வழக்குல எழுதியிருக்குது."

"செத்த மாட்டை எழுதுனா பால் கறக்குமாடி? எங்க பொழப்பக் கெடுத்து நீ தலைவரு வேலை பாக்கறே!"

மலர் அவளைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். நெல்லிச்சேட்டில் எல்லாரையும் நிறுத்தின கோவிந்தராஜ் ஜீவானந்தத்தை மட்டும் நிறுத்தவில்லை. அதைக் குப்பாயி சொல்லிக் காட்டாமல் விட்டாளே என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் கேட்டபோது, "எனக்கு வேலை தெரியும், அதான் வெச்சிருக்காரு," என்றான் அவன்.

மார்கழியில் ருக்சானா அவளைச் சேலத்துக்கு வரச்சொன்னார். எஸ்டேட் தரப்பின் பதில் மனு வந்திருந்தது. அதோடு ஒரு பிரமாண வாக்குமூலம்.

"நான் வாசிக்கறேன், நீங்க கேளுங்க," என்றார் ருக்சானா. "'நான் மேற்படி எஸ்டேட்டில் ரைட்டராக வேலை பார்த்து வருகிறேன். சம்பவத்தன்று காலை வழக்கம்போல் வேலைக்கு வந்தபோது கழிவுத் தொட்டியைப் பார்த்தேன். அதன் கரை எந்தச் சேதமும் இல்லாமல் இருந்தது. ஊரார் வைத்திருக்கும் கை பல்பர்களின் கழிவே ஓடை கெட்டதற்குக் காரணம்.' கீழ கையெழுத்து, ஜீவானந்தம்."

மலர் கை நீட்டிக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அவன் கையெழுத்துதான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழகாக இருந்தது.

"இது பொய்யுங்க."

"எப்படித் தெரியும்? அவர் உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாருங்க. அன்னிக்கு..."

"நிறுத்துங்க." ருக்சானா கையைத் தூக்கினார். "அதைச் சொல்லாதீங்க. புருஷனும் பொண்டாட்டியும் தங்களுக்குள்ள பேசிக்கிட்டதை, அவர் சம்மதமில்லாம நீங்க சாட்சியா சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு உடனே எழுந்து தடுப்பாங்க. ஆனா காதால கேட்டது வேற, கண்ணால பார்த்தது வேற. பார்த்ததைச் சொல்லலாம். நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

மலர் வாக்குமூலத்தை மேசையில் வைத்தாள். "யோசிச்சுச் சொல்றேனுங்க," என்றாள்.

"பார்த்ததைச் சொல்றதுக்கு என்ன யோசனை?"

"அந்த ஊட்டுல அவரோட இருக்கறது நானுங்க. நீங்க இல்ல."

சாயங்காலம் ஜீவானந்தம் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் அடுப்படியிலிருந்தே சொன்னாள்:

"உங்க கையெழுத்தைப் பாத்தேன். நல்லா இருந்துச்சு."

அவனுக்குப் புரிந்துவிட்டது. "தீர்மானம் போடறப்ப நீ எங்கிட்டக் கேட்டியா? ஊர்ல கடைசி ஆளுக்குத் தெரிஞ்சப்புறந்தான் எனக்குத் தெரிஞ்சுது."

"கேட்டா வேண்டாம்பீங்க."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். எங்கப்பன் அந்த ஆபீஸ் படி ஏறுனதில்ல, வாசல்ல நின்னு கூலி வாங்குன ஆளு. அங்க உள்ள போயி உக்கார நான் என்ன பாடு பட்டேன்னு உனக்குத் தெரியும்."

"அதுக்காவ ஊர்க் கிணத்தைக் கெடுத்தவனுக்குச் சாட்சி சொல்லுவீங்களா?"

"நீ உன்ர நாற்காலிக்கு வழக்கு நடத்தற. நான் என்ர நாற்காலிக்குச் சாட்சி சொல்றேன். இதுல நீ என்ன ஒசத்தி?"

"நான் பொய் சொல்லலியே!"

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய் மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில் விரித்தான். அதற்குப் பிறகு ஒரே வீட்டில் இரண்டு பேரும் வேற்றாள் போல நடமாடினார்கள். சேலத்தில் நர்சிங் படித்துக்கொண்டிருந்த மகள் தீபிகா அம்மாவுக்குத் தனியாகவும் அப்பாவுக்குத் தனியாகவும் போன் செய்யக் கற்றுக்கொண்டாள்.

சாட்சிகளை நேரில் விசாரித்து அறிக்கை தரச் சொல்லித் தீர்ப்பாயம் ஒரு கமிஷனரை அனுப்பியது. நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். சித்திரை மாதம், ஏற்காடு ஏரிப் பக்கம் ஒரு அரசுக் கட்டடத்தில் விசாரணை நடந்தது. வெளியே சுற்றுலாக் கூட்டம். படகுக்கு நிற்கிறவர்களின் கூச்சல் ஜன்னல் வழியாக வந்துகொண்டே இருந்தது. நெல்லிச்சேடே இறங்கி வந்திருந்தது. முன்வரிசையில் கோவிந்தராஜ். அவருக்குச் சென்னையிலிருந்து பிரபாகர் என்ற வக்கீல் வந்திருந்தார்.

முதலில் ஜீவானந்தம். புதுச் சட்டை போட்டிருந்தான். வாக்குமூலத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான். ருக்சானா எழுந்தார்.

"அன்னைக்கு விடியற நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"ஊட்டுலதானுங்க."

"தொட்டிப் பக்கம் போகவே இல்லையா?"

"இல்லீங்க. வேலைக்குப் போனப்பதான் பாத்தேன். கரை நல்லா இருந்துச்சு."

ருக்சானா அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தராஜ் திரும்பிப் பிரபாகரைப் பார்த்துத் தலையசைத்தார்.

மத்தியானம் மலரைக் கூப்பிட்டார்கள். தான் என்ன சொல்லப் போகிறேன் என்பதை முந்தின நாள்தான் அவள் ருக்சானாவிடம் சொல்லியிருந்தாள். ருக்சானா அதை ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார்.

"அன்னைக்குக் காலையில என்ன பார்த்தீங்க?"

"விடியறதுக்கு முன்னாடி குடத்தை எடுத்துட்டு ஓடைக்குப் போனேனுங்க. நாத்தம் தாங்கல. தண்ணி கறுப்பா, நுரைச்சுட்டு வந்துச்சு. எங்கிருந்து வருதுன்னு பாக்கக் குடத்தை வெச்சுட்டு மேல ஏறிப் போனேன். எஸ்டேட் தொட்டியோட கரை ஒரு பக்கம் புட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. அந்த ஒடைப்புக்குள்ள ஒருத்தரு எறங்கி நின்னு, மம்மட்டியில மண்ணை வெட்டி வெட்டிப் போட்டு அடைக்கப் பாத்துட்டு இருந்தாருங்க. இடுப்பு வரைக்கும் சேறு. அவரு ஒருத்தருதான். போடற மண்ணைத் தண்ணி அடிச்சுட்டுப் போயிருது. மறுக்கா போடறாரு. மறுக்கா அடிச்சுட்டுப் போவுது."

"அவர் யார்னு தெரிஞ்சுதா?"

"என்ர ஊட்டுக்காரருங்க."

அறையில் சலசலப்பு. "தூ!" என்று பின்னாலிருந்து யாரோ துப்பினார்கள். கமிஷனர் மேசையைத் தட்டினார். பிரபாகர் எழுந்தார்.

"உங்க வீட்டுப் பல்பர் தண்ணியும் அதே ஓடையிலதானே விடறீங்க?"

"ஆமாங்க. மனுவுலயே எழுதிக் குடுத்துட்டோமுங்க. எங்க பங்கு எவ்வளவோ அதைப் போடுங்க."

"அவ்வளவு இருட்டுல, அவ்வளவு தூரத்துல, ஆள் அடையாளம் எப்படித் தெரிஞ்சுது?"

"வெளுத்துட்டு வந்துச்சுங்க. அதுவுமில்லாம, தாலி கட்டுன ஆளை எனக்குத் தெரியாதுங்களா?"

"இவ்வளவு நாளா இதை ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா அவரு வேலை போயிரும்னுதானுங்க சொல்லல."

"இப்ப மட்டும் போகாதா?"

"இப்ப அவரு பொய் சொல்லிட்டாரேங்க."

கமிஷனர் ஜீவானந்தத்தை மறுபடி அழைத்தார். மனைவி சொன்னதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"அது நானில்லீங்க. அவ வேற யாரையாச்சும் பாத்திருப்பா."

வெளியே வந்தபோது குப்பாயி மலரின் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினாள். "கட்டுனவனை இப்படிச் சந்தி சிரிக்க வெச்சுட்டியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" கொட்டச்சேடு பஸ்ஸில் மலருக்குப் பக்கத்து இடம் கடைசிவரை காலியாகவே வந்தது. முன்னால் நாலு சீட் தள்ளி ஜீவானந்தம் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரவில்லை.

மலரின் சாட்சியம் எதிர்த்தரப்பைக் கலக்கியிருக்க வேண்டும். ஆடி மாதம் அவர்கள் தாக்கல் செய்த எழுத்துப்பூர்வமான வாதத்தில் ஒரு புதுப் பத்தி முளைத்திருந்தது. அதே வாரம் ஜீவானந்தத்தை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். காரணம் சொல்லவில்லை.

காரணத்தைக் கொண்டுவந்தவர் ருக்சானா. மழையில் ஜீப் மேலே ஏறாமல், பாதித் தூரம் நடந்து நனைந்து வந்து சேர்ந்தார். மலர் துண்டு கொடுத்தாள். அவர் தலையைத் துவட்டாமல் நேராக ஜீவானந்தத்திடம் காகிதத்தை நீட்டினார்.

"வாசிங்க."

அவன் வாசித்தான். தொட்டி உடையவில்லை, ஒருவேளை உடைந்திருந்தாலும் அது தொட்டியைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த ரைட்டர் ஜீவானந்தத்தின் அசட்டையால் நேர்ந்தது, அவர் முன்கூட்டியே யாரிடமும் சொல்லவில்லை, நிர்வாகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று எழுதியிருந்தது. அவன் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான்.

"யாருகிட்டயும் சொல்லலையா?" அவன் காகிதத்தை விரலால் தட்டினான். "கரை கசியுது, இந்த வருசப் பழத்துக்குத் தொட்டி தாங்காதுன்னு மொதலாளிகிட்ட எத்தனை வாட்டி சொன்னேன்! பறிப்பு முடியட்டும், பறிப்பு முடியட்டும்னு தள்ளிப்போட்டது அவருதானுங்க!"

"இதைத்தான் நீங்க வந்து சொல்லணும். உங்களை மறுபடி விசாரிக்கச் சொல்லி நான் மனு போடறேன்."

ஜீவானந்தம் காகிதத்தை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தான்.

"வரமாட்டேன்."

"ஏன்? இன்னுமா அந்த ஆளுக்கு..."

"அந்த ஆளுக்காவ இல்லீங்க. மொதல்ல அவிங்க என்னைக் கூட்டிட்டுப் போயி நிக்க வெச்சாங்க. அப்பறம் நீங்களும் இவளும் சேந்து என்னை நிக்க வெச்சீங்க. இப்ப மறுபடியும் வந்து நில்லுங்கறீங்க. ஊருக்கு முன்னாடி நான் பொய்யனாயிட்டேன். இன்னொருக்கா போயி, ஆமா சாமி, நான் பொய்யந்தான்னு வேற சொல்லோணுமா? எறங்குங்க, வெளிய எறங்குங்க."

மலர் குறுக்கே வந்தாள். "மழையில வந்தவிங்களை..."

"நீ பேசாதே!"

ருக்சானா எழுந்துகொண்டார். கோபப்பட்டதாகத் தெரியவில்லை. "நீங்க வராட்டியும் வழக்கு நிக்கும். உங்க மேல பழியைப் போடறதுக்காக, தொட்டி உடைஞ்சிருக்கலாம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. எஸ்டேட்ல வேலை பார்க்கறவர் அசட்டையா இருந்தாலும் அதுக்கு எஸ்டேட்தான் பொறுப்பு. உங்களைக் காவு குடுத்து அவங்க தப்பிக்க முடியாது. அது உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "அன்னைக்கு உங்களை நான் இன்னும் நெருக்கியிருக்கலாம். உங்க சம்சாரம்தான் கேட்டுக்கிட்டாங்க, வேண்டாம்னு."

அவன் மலரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐப்பசியில் உத்தரவு வந்தது. ருக்சானா சொன்னபடியே நடந்தது. மலரின் சாட்சியத்தையும் எஸ்டேட்டின் புதுப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த தீர்ப்பாயம், தொட்டி உடைந்தது உண்மை என்று முடிவு செய்தது. ஊராட்சி செய்த செலவில் பெரும்பங்கை எஸ்டேட் கட்ட வேண்டும். கை பல்பர் வைத்திருக்கும் வீடுகள் சிறு பங்கைக் கட்ட வேண்டும். இனி யாரும் கழிவை ஓடையில் விடக்கூடாது. குப்பாயியின் மாட்டுக்கும் நஷ்ட ஈடு இருந்தது. அவள் அதை வாங்கிக்கொண்டாள், மலரோடு பேசவில்லை. கோவிந்தராஜ் மேல்முறையீட்டுக்குப் போனார். தடை கிடைக்காமல் திரும்பி வந்து கட்டினார். கட்டின கையோடு எஸ்டேட் வழியாக ஊரார் காலங்காலமாக நடந்துபோன குறுக்குப் பாதைக்கு முள்வேலி போட்டார்.

வீடுகளின் பங்கைக் கட்டச் சொல்லி அறிவித்த அன்று அலுவலக வாசலில் கூச்சல். செல்லப்பன் கட்டமாட்டேன் என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜீவானந்தம் உள்ளே வந்தான். மலர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் போகாமல் கிளார்க்கிடம் போய்த் தன் வீட்டுப் பங்கைக் கட்டி ரசீது வாங்கினான்.

"பொண்டாட்டிக்குப் பயந்து மொத ஆளா வந்துட்டான்," என்றது ஒரு குரல்.

"எவனுக்கும் பயந்து கட்டல," என்றான் அவன், அந்தப் பக்கம் திரும்பி. "நாளைக்கு எவனும் என்ர பேரைச் சொல்லிப் பேசக்கூடாது. அதுக்குக் கட்டறேன்."

வீட்டுக்குப் போகிற வழியில் அவன் முன்னால் நடக்க, மலர் பின்னால் வந்தாள். கரையோரம் வந்ததும் அவன் நின்றான். மாதக்கணக்கில் அவளிடம் அவனாகக் கேட்ட முதல் கேள்வி அது.

"அன்னிக்கு நான் ஒண்டியாக் கெடந்து மல்லுக்கட்டுனப்ப நீ மேல நின்னு பாத்துட்டுத்தான இருந்த? எதுக்கு எறங்கி வரல? ஒரு கூடை மண்ணு எடுத்துக் குடுத்திருக்கலாமில்ல?"

"நீங்க அழுதுட்டு இருந்தீங்க," என்றாள். "நான் பாத்தது தெரிஞ்சா உங்களுக்குத் தாங்காதுன்னு திரும்பிட்டேன்."

அவன் அவள் பக்கம் திரும்பினான். "அதை எதுக்கு அங்க சொல்லாம வுட்ட? எல்லாத்தையும் சொன்னவ, அதையும் சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"அது வழக்குக்குத் தேவையில்லாதது."

"எது தேவை, எது தேவையில்லைன்னு நீயே முடிவு பண்ணிக்குவ," என்றான் அவன். "தீர்மானம் போட்டப்பவும் அப்படித்தான்." விறுவிறுவென்று மேலே ஏறிப் போய்விட்டான். அவள் அங்கேயே நின்றிருந்தாள். அவன் சொன்னது சரிதானோ என்று தோன்றியது. அந்த எண்ணம் பிடிக்காமல் அவளும் ஏறினாள்.

தை பிறந்ததும் ஊராட்சியின் பதவிக்காலம் முடிந்தது. தனி அலுவலர் பொறுப்பேற்றார். மீட்ட தொகையில் பள்ளிக்கூடத்து ரோடு போட்டார்கள். அதைத் திறந்துவைத்த அன்று மலரை யாரும் கூப்பிடவில்லை. நெல்லிச்சேட்டுப் பெண்களைப் பறிப்புக்கு வேறு எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப் வந்து ஏற்றிப்போனது. அதில் இடம் இருந்தாலும் மலர் ஏறினால் பேச்சு நின்றுவிடும். அவள் தன் ஒரு ஏக்கரையே பார்த்துக்கொண்டாள்.

ஜீவானந்தத்துக்கு நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எடை போடும் வேலை கிடைத்தது. ரைட்டர் வேலை இல்லை, நாற்காலியும் இல்லை. அங்கேயே தங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். வரும்போது மூட்டை அறையில்தான் படுத்தான். சாப்பாடு போட்டால் சாப்பிட்டான். தீபிகாவின் படிப்பைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

வைகாசி முடியப் போகிற ஒரு ஞாயிறன்று, அடுப்படிக் கூரை ஒழுகுகிறது, மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஒரு ஆளைக் கூப்பிட வேண்டும் என்றாள் மலர்.

"ஆளு எதுக்கு?" என்று அவனே ஏணியைச் சாய்த்து ஏறினான். கீழே நின்று அவள் ஓடுகளை எடுத்துக் கொடுத்தாள். ஏதோ ஒரு ஓடு சரியில்லை என்று அவளைத் திட்டினான். அவளும் திருப்பிப் பேசினாள். வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டான்.